மென்பொருள் தொழிலும் மத்தளம்பாறையும்

தென்காசி என்றவுடன் காசி விசுவநாதர் கோயிலின் நெடிய கோபுரமும், குற்றாலம் என்றவுடன் அருவியும் சாரலும் நினைவுக்கு வருவது இயல்பு. பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயிலைப் பற்றியும், ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த வாழ்வைப் பற்றியும் எழுதுவோர் நம் கல்லூரியில் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தென்காசிக்குத் தெற்கே சில கல் தொலைவில் மத்தளம்பாறை என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கிருந்து ஒருவர் உலகளாவிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தினார் என்பதை இன்று நம் மாவட்டத்தில் அறியாதவர் இலர். அவர் அந்த இடத்திற்கு எவ்வாறு வந்தார், எதைப் படித்தார், எங்கெங்கு வேலை பார்த்தார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கணிதம் மூன்றாம் ஆண்டு பயில்பவள். கணிப்பொறித் துறையைச் சேர்ந்தவள் அல்லள். ஆயினும் இப்பொருளை எழுத நேர்ந்ததற்கு என் வீடே காரணம். என் தம்பி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஐப்பசியில் ஒருநாள், “கல்லூரிக்கு வரமாட்டேன், ஜோஹோ பள்ளியில் சேரப் போகிறேன், அங்கே பட்டம் வேண்டியதில்லை” என்று சொல்லிவிட்டான். எங்கள் தந்தை குற்றாலத்தில் சீசன் நாட்களில் குளிக்க வருவோர்க்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் செய்பவர். மற்ற மாதங்களில் கிடைத்த வேலைக்குப் போவார். அவர் பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். வீட்டில் இருவராவது பட்டம் வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, “தாயி, நீ படிச்சவ. அந்த மனுசரு யாரு, என்ன படிச்சாரு, எப்படி மேல வந்தாருன்னு முழுசா பாத்துச் சொல்லு. டீக்கடைப் பேச்ச நம்பி நான் எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்” என்றார். இக்கட்டுரை அவருக்காகத் தொடங்கியது. ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு மலருக்குக் கொடு என்றார்.

பிறப்பும் கல்வியும்

ஜோஹோ நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் திரு. ஸ்ரீதர் வேம்பு. தஞ்சை மண்ணில் வேர்கொண்ட குடும்பம். தந்தையார் சென்னை உயர்நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றியவர். வளர்ந்தது தாம்பரத்தில், பள்ளிப்படிப்பு தமிழ்வழியில். இந்த ஒரு செய்தியை என் தம்பி நன்றாக அறிந்து வைத்திருந்தான். அதற்குப் பின்னால் உள்ளவற்றை அவன் அறியவில்லை. அறிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது ஐ.ஐ.டி.யில், மின்பொறியியல் பயின்று 1989-இல் பட்டம் பெற்றார். அங்கே நுழைவுத்தேர்வில் தேறுவது எத்துணை அரிது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் ஆராய்ச்சி செய்து 1994-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆக, ஊரில் “படிப்பு தேவையில்லை என்று காட்டியவர்” என்று பேசப்படுகிறவர், ஒருவர் ஏறக்கூடிய படிகளில் மேற்படி வரை ஏறிப் படித்தவர். இதனைத் தந்தையிடம் படித்துக் காட்டியபோது அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

1994 முதல் இரண்டாண்டுக் காலம் சான் டியாகோ நகரத்திலுள்ள குவால்காம் நிறுவனத்தில் கம்பியில்லாத் தொலைத்தொடர்புப் பொறியாளராக வேலை பார்த்தார். கைப்பேசி பரவத் தொடங்கிய காலம் அது. அந்நிறுவனம் அத்துறையில் முன்னணியில் இருந்தது. நல்ல சம்பளமுள்ள வேலை. அதை விட்டுவிட்டு 1996-இல் தம் சகோதரர்களுடனும் டோனி தாமஸ் என்பாருடனும் சேர்ந்து ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு அட்வென்ட்நெட் என்று பெயர் வழங்கியது. 2009-இல்தான் அது ஜோஹோ கார்ப்பரேஷன் ஆயிற்று.

அவர்கள் விற்றது என்ன?

இந்த வினாவில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். “மென்பொருள்” என்று ஒரே சொல்லால் நாம் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு தொழில்கள் உள்ளன என்பது எனக்கு முன்பு தெரியாது.

ஒரு பெரிய அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளும், அவற்றை இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகளும் இருக்கும். எந்தக் கருவி ஓடுகிறது, எது நின்றுவிட்டது, எதில் சுமை மிகுந்துள்ளது என்பதை ஒருவர் ஓரிடத்திலிருந்தே அறிய வேண்டும். இதற்கென 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்னும் பொது விதிமுறை வகுக்கப்பட்டது. கண்காணிக்கும் கணிப்பொறி ஒவ்வொரு கருவியையும் அவ்வப்போது “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்கும், கருவி விடை சொல்லும். ஏதேனும் கெட்டுப்போனால் கேட்காமலேயே கருவி எச்சரிக்கை அனுப்பும். பேரருவியில் நிற்கும் போலீசார் அவ்வப்போது நீரின் வரத்தைப் பார்த்துக்கொள்வதும், வெள்ளம் மிகுந்தவுடன் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றுவதும் போன்றது என்று தம்பிக்குச் சொன்னேன். அவனுக்கு உடனே விளங்கிற்று. இவ்விதிமுறையின்படி இயங்கும் மென்பொருளை எழுதி, தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்கு விற்றதே அட்வென்ட்நெட்டின் முதல் தொழில்.

இனி இரண்டு தொழில்கள் என்றேனே, அதைப் பார்ப்போம். 1968-இல் தோன்றிய டி.சி.எஸ்., 1981-இல் தோன்றிய இன்ஃபோசிஸ் போன்ற பெருநிறுவனங்கள் பெரும்பாலும் சேவைத் தொழில் செய்பவை. வெளிநாட்டு நிறுவனம் தன் வேலையைக் கொடுக்கும். இங்குள்ள பொறியாளர்கள் அதைச் செய்து கொடுப்பர். இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுக் கூலி வரும் வழக்கமே அதில் பெரும்பகுதி. என் தாயார் பீடி சுற்றுகிறார். இலையும் தூளும் கடைக்காரர் தருவார். சுற்றிக் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இன்று ஆயிரம் சுற்றினால் இன்றைக்குக் கூலி. கை நின்றால் கூலியும் நின்றுவிடும். பீடிக்கு மேல் ஒட்டும் சீட்டு நம்முடையது அன்று. சேவைத் தொழிலைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ணற்க. இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. கணக்கின் அமைப்பு ஒன்றே என்பதைத்தான் சொல்கிறேன்.

பொருள் தொழில் அப்படியன்று. ஒரு மென்பொருளைத் தானே எழுதி, தன் பெயரைப் போட்டு விற்பது அது. எழுதி முடிக்கும் வரை ஒரு காசும் வராது. அது ஓராண்டாகலாம், மூன்றாண்டாகலாம். எழுதிய பின் ஒருவருக்கு விற்றாலும் ஆயிரம் பேருக்கு விற்றாலும் எழுதும் செலவு அநேகமாக ஒன்றே. முதலில் பசி, பின்னர் விளைச்சல். ஆதலின் காத்திருக்க வலு வேண்டும். இத்தகைய நிறுவனங்கள் பொதுவாக முதலீட்டாளர்களிடம் பெரும்பணம் வாங்கும். வாங்கினால் சில ஆண்டுகளில் பங்குகளை விற்று அவர்கள் வெளியேற வழிசெய்தாக வேண்டும். வேம்புவும் அவர் கூட்டாளிகளும் அப்பணத்தை வாங்கவில்லை. வந்த வருமானத்தைக் கொண்டே வளர்ந்தனர். இதை நான் முதலில் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் மத்தளம்பாறைக்கு வர முடிந்ததற்கு இதுவே முதற்காரணம் என்று இப்போது கருதுகிறேன். எவரிடமும் கணக்குக் காட்ட வேண்டாத ஒருவர்தான் சிற்றூரில் அலுவலகம் வைத்துப் பார்ப்பார்.

சறுக்கலும் திருப்பமும்

2000-இல் வேம்பு தலைமை நிர்வாகி ஆனார். ஆன கையோடு அமெரிக்காவில் இணைய நிறுவனங்களின் வீழ்ச்சி வந்தது. இவர்களுடைய சரக்கை வாங்கிய தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்கள் பல சுருங்கின, சில மறைந்தன. வாங்குவோர் இல்லாத சரக்கு! இந்நிலையில் ஆட்களை வெளியேற்றிச் சேவைத் தொழிலுக்கு மாறியிருக்கலாம். அவர்கள் தம் கண்காணிப்பு மென்பொருளையே கருவி செய்வோர்க்கு விற்பதை விடுத்து, கருவிகளைப் பயன்படுத்தும் சாதாரண அலுவலகங்களுக்கு ஏற்ப மாற்றினர். மேனேஜ் எஞ்சின் என்னும் பிரிவு அவ்வாறு எழுந்தது. இன்றும் அது ஜோஹோவின் பெரும்பிரிவுகளுள் ஒன்று.

2005-இல் ஜோஹோ என்னும் பெயரில் இணையவழிச் செயலிகள் வரத் தொடங்கின. கடிதமும் கட்டுரையும் எழுதும் ஜோஹோ ரைட்டர் அவற்றுள் ஒன்று. கூகிள் நிறுவனம் ரைட்லி என்னும் செயலியை வாங்கித் தன் எழுது செயலிக்கு அடிகோலியது 2006-இல். அதற்கும் முந்தியது இது. மென்பொருளைத் தகட்டில் வாங்கிக் கணிப்பொறியில் ஏற்றுவது பழைய முறை. அது எங்கோ ஓர் இயந்திரத்தில் ஓட, நாம் மாத வாடகை கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்துவது புதிய முறை. சிறு கடை, சிறு அலுவலகம் ஆகியவற்றால் பெருந்தொகை கொடுக்க இயலாது; வாடகை கொடுக்க இயலும். சிற்றலுவலகம், வீட்டு அலுவலகம் என்பதைக் குறிக்கும் சோஹோ என்னும் ஆங்கிலச் சுருக்கத்தைத் திரித்தே ஜோஹோ என்று பெயர் வைத்தனர்.

தென்காசிக்கு வந்த வழி

2011-இல் தென்காசியில் ஒரு சிறு அலுவலகம் தொடங்கப்பெற்றது. அப்போது தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர்தான். தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பிறகு மத்தளம்பாறையில் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே வளாகம் எழுந்தது. வாடிக்கையாளர் குறைகளைப் பெற்றுத் தீர்க்க உதவும் ஜோஹோ டெஸ்க் என்னும் செயலி இங்கிருந்து உருவாக்கப்பட்டதே. அரிசி மூட்டையை இங்கிருந்து சென்னைக்கு அனுப்ப லாரி வேண்டும். மென்பொருளுக்கு மின்சாரமும் இணையக் கம்பியும் போதும். இந்த எளிய உண்மை முப்பதாண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் ரயிலேறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டேதான் இருந்தனர்.

2019-இல் வேம்பு கலிபோர்னியாவிலிருந்து வந்து மத்தளம்பாறையிலேயே குடியேறினார். வேட்டி கட்டி மிதிவண்டியில் செல்லும் அவருடைய படங்கள் பலவும் வந்துள்ளன. எங்கள் தெருவில் அதைப் பற்றிய வியப்பே பெரிது. எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. நம் தந்தையரும் வேட்டி கட்டி மிதிவண்டியில்தான் போகின்றனர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் தலைமை நிர்வாகி பொறுப்பிலிருந்து விலகித் தலைமை அறிவியலாளர் என்னும் பொறுப்பை ஏற்றார். குழுமத்தின் தலைமை நிர்வாகியாகச் சைலேஷ் குமார் டேவி பொறுப்பேற்றார். முப்பதாண்டு நிர்வாகம் பார்த்தவர் மறுபடியும் ஆராய்ச்சி மேசைக்குத் திரும்பியது அவர் வாழ்க்கை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரின்ஸ்டனில் படித்தது எங்கும் போய்விடவில்லை போலும்.

பட்டமா, பயிற்சியா?

இனி என் தம்பியின் வினாவுக்கு வருகிறேன். 2005-ஐ ஒட்டி அந்நிறுவனம் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பள்ளியிறுதி முடித்த மாணவர் சிலரை எடுத்து, கணிதம், ஆங்கிலம், நிரல் எழுதுதல் ஆகியவற்றைக் கற்பித்து, பின்னர் வேலையிலேயே பழக்கியது. கட்டணம் இல்லை, மாறாக உதவித்தொகை உண்டு. தென்காசியிலும் அப்பள்ளி நடைபெறுகிறது. அதில் பயின்ற பலர் இன்று பொறுப்பான இடங்களில் உள்ளனர். ஏன் அவர்களால் இது இயன்றது? மேலே சொன்ன தொழில் வேறுபாட்டை நினைவு கொள்க. மணிக்கணக்கில் கூலி வாங்கும் நிறுவனம் வாடிக்கையாளரிடம் தன் ஆளின் பட்டத்தைக் காட்டியாக வேண்டும். தன் சரக்கைத் தானே விற்கும் நிறுவனத்திடம் எழுதியவர் பட்டதாரியா என்று வாங்குபவர் கேட்பதில்லை. மென்பொருள் ஓடுகிறதா என்று மட்டுமே கேட்பார்.

இதுவரை தம்பியின் பக்கம். என் பக்கமும் ஒன்று உண்டு. வேம்பு பயின்ற ஐ.ஐ.டி. மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. உயர்நீதிமன்ற ஊழியர் ஒருவரின் மகன் பொறியாளராகி அமெரிக்கா செல்ல முடிந்தது அந்தப் பொதுப்படியில் ஏறியதனால்தான். நம் அரசுக் கல்லூரியும் அதே வரிப்பணத்தில், அதே எண்ணத்தில் கட்டப்பட்ட படிதான். உயரம் வேறு, அவ்வளவே. திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்து 1976-இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கிய ஷிவ் நாடாரும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று சென்றவரே. ஜோஹோவில் பணியாற்றி வெளியேறி, 2010-இல் பிரெஷ்டெஸ்க் தொடங்கி, 2021-இல் அதை அமெரிக்கப் பங்குச்சந்தை வரை கொண்டு சென்ற கிரிஷ் மாத்ருபூதமும் பொறியியலும் மேலாண்மையும் படித்தவர். நிறுவனம் தொடங்கியவர்கள் எல்லாம் படித்திருக்க, அதில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு மட்டும் பட்டம் வேண்டாம் என்றால் என்ன பொருள்? இந்த வினாவைத் தம்பியிடம் கேட்டேன். அவன் விடையை நான் எதிர்பார்க்கவில்லை. “அக்கா, நான் நிறுவனம் தொடங்கணும்னு சொல்லலையே. அம்மா பீடித் தட்ட இறக்கி வைக்கணும். அதுக்கு மூணு வருசம் காத்திருக்க முடியாதுன்னுதான் சொல்றேன்” என்றான்.

அதற்கு மேல் எனக்குப் பேச்சு எழவில்லை. நான் இங்கே மூன்றாண்டு படித்த காலத்தில் அம்மா சுற்றிய பீடிகளின் எண்ணிக்கையைக் கணிதம் படித்த நானே ஒருநாளும் கணக்கிட்டதில்லை.

இருந்தாலும் அக்காள் என்ற முறையில் சிலவற்றைச் சொன்னேன். நம் மாநிலத்தில் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். இரண்டாம் தொகுதிக்குப் பட்டம் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பட்டத்தின்மேல் பி.எட். வேண்டும். ஒரு நிறுவனத்தின் வாயிலில் கேட்கப்படாத பட்டம் வேறொரு வாயிலில் கேட்கப்படும். ஆனால் அந்த வாயிலும் முழுதாக அடைபடுவதில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் உள்ளது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்றோர் நம் உறவினரிலேயே உண்டு. அப்பள்ளியில் சேர்வதும் எளிதன்று. தேர்வு எழுதி, நேர்முகம் கண்டு, தேறியாக வேண்டும். தேறாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “உங்க கல்லூரிதான்” என்றான், ஏதோ தண்டனை போல. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தந்தையிடம் எல்லாவற்றையும் இரண்டு மாலை உட்கார்ந்து சொன்னேன். சுருக்கெழுத்தாளர் என்பது என்ன வேலை என்று மட்டும் இருமுறை கேட்டார். பிறகு, “அவரு அப்பாவும் சம்பளத்துக்கு இருந்தவருதான, அப்ப சரி” என்றார். எது சரி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் தம்பியோடு பேசினார். அப்பள்ளியின் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம், கல்லூரிக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இப்போதைக்கு வீட்டில் ஏற்பட்டுள்ள உடன்பாடு.

எதுவானாலும் கணக்கு வேண்டும். தம்பிக்கு நிகழ்தகவும் நுண்கணிதமும் தடுமாற்றம். இரவு ஒன்பது மணிக்கு மேல், அம்மா அன்றைய கட்டுகளை எண்ணி அடுக்கிய பிறகு, அதே விளக்கடியில் சொல்லிக் கொடுத்து வருகிறேன். நேற்று ஒரு கணக்கை என் வழியை விடக் குறுகிய வழியில் அவன் போட்டுக் காட்டினான்.